நெய்யூர் மருத்துவ வகுப்பும் மருத்துவப் பாட மனனமும்

நெய்யூர் மருத்துவ வகுப்பு என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அன்றைய தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் நெய்யூர் மருத்துவமனையில் உள்ளூர் இளைஞர்களுக்கு ஐரோப்பிய மருத்துவம் கற்பித்த சிறு வகுப்பாகும். இன்று இப்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்லூரி, பல்கலைக்கழகம், அச்சிட்ட வினாத்தாள் எதுவும் இல்லாத சூழலில் நடந்த வகுப்பு அது. ஆயினும் மருத்துவ மாணவர் நோய்க்குறிகளையும் மருந்தளவுகளையும் ஏன் நினைவில் நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு இதன் வரலாறு தெளிவான விடை தருகிறது. ஆசிரியர் இல்லாத நாளில் அவருடைய இடத்தில் நிற்பது மாணவரின் நினைவில் உள்ள பாடமே. நெய்யூரில் இது இருமுறை சோதிக்கப்பட்டது. முதன்முறை, கற்ற மாணவர் இல்லாததால் மருத்துவமனை தளர்ந்தது. இரண்டாம் முறை, மாணவர் இருந்ததால் அது நிலைத்தது. முதல் நிகழ்ச்சியின் களம் முட்டம் கடற்கரை.

முட்டமும் நெய்யூரும்

முட்டம் அரபிக் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர். பெரும் பாறைகளும், கலங்கரை விளக்கமும், செம்மண் மேடுகளும் அதன் அடையாளங்கள். அதற்கு வடக்கே, இரணியலையும் திங்கள்சந்தையையும் ஒட்டி நெய்யூர் இருக்கிறது. சார்லஸ் மீட் என்ற மிஷனரி 1828-இல் நெய்யூரைத் தம் பணியிடமாக்கிக் கொண்டார். உள்நாட்டின் கோடை வெப்பத்திலிருந்து விலகி ஓய்வெடுக்க மிஷனரிகள் முட்டம் கடற்கரைக்கு வந்து தங்குவது வழக்கம்.

நெய்யூரில் மருத்துவப் பணி 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவரின் வருகையோடு தொடங்கியது. அவர் சில ஆண்டுகளிலேயே பணியிலிருந்து விலகினார். பின்பு 1850களின் தொடக்கத்தில் சார்லஸ் லீச் என்ற மருத்துவர் வந்து மருந்தகத்தை மீண்டும் நடத்தினார். நோயாளிகள் நாடி வரத் தொடங்கிய நேரத்தில், 1854-இல், முட்டத்துக் கடலில் குளிக்கச் சென்றபோது அவர் மூழ்கி இறந்தார்.

அடுத்த மருத்துவர் ஜான் லோ 1861-இல்தான் வந்தார். இடையே ஏழு ஆண்டுகள். மருந்தும் அறையும் இருந்தாலும், நோயாளியைப் பார்த்து இன்ன நோய், இன்ன மருந்து, இவ்வளவு அளவு என்று பொறுப்போடு சொல்லக்கூடிய பயிற்சி பெற்றவர் அங்கு இல்லை. ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்த அறிவு அவரோடு கடலில் போயிற்று.

முன்னிருந்த மரபு

இப்பகுதிக்கு மருத்துவ மனனம் புதியதன்று. நாஞ்சில் நாட்டிலும் அதை அடுத்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் சித்த மருத்துவமும் வர்ம மருத்துவமும் ஆசான் வழியாகக் கற்பிக்கப்பட்டன. ஓலைச்சுவடிகள் இருந்தாலும் பாடம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. செய்யுள் வடிவம் மனனத்திற்கு உதவியது. எண்ணிக்கை மற்றொரு துணை.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவை அந்த எட்டு. நோயாளியின் முன் அமர்ந்த மருத்துவர் எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க வேண்டும். ஏழு மட்டும் நினைவுக்கு வந்தால் ஒன்று விடுபட்டது என்று எண்ணிக்கையே காட்டிவிடும். திரிகடுகு என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. திரிபலா என்றால் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். பெயரிலேயே எண் இருப்பதால் மூன்றில் ஒன்றை மறக்க முடியாது. வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று வகுத்திருப்பதும் இதே முறைதான். நோய்கள் 4448 என்ற மரபுக் கணக்கும் உண்டு.

இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. பாடம் ஆசானுக்கும் அவர் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு சீடர்களுக்கும் உள்ளேயே நின்றது. சில நுணுக்கங்களை ஆசான் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பதும் உண்டு. தகுதியற்றவர் கையில் போகக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சீடனுக்குச் சொல்லும் முன் ஆசான் மறைந்தால் அந்தப் பகுதி அங்கேயே முடிந்துவிடும். 1854-இல் நெய்யூர் மருந்தகத்தில் நேர்ந்ததும் வேறு காரணத்தால் இதே இழப்புதான்.

லோவின் வகுப்பு

1861-இல் வந்த ஜான் லோ தனி ஒரு மருத்துவராகப் பணி செய்வதோடு நிற்கவில்லை. 1860களின் நடுவில் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மருத்துவமனையே வகுப்பறை. காலையில் நோயாளிகள் கூடும் இடத்தில் கட்டுப்போடுதல், மருந்து கலத்தல், புண் கழுவுதல் ஆகியவற்றைச் செய்துகொண்டே மாணவர் பாடம் கேட்டனர். உடற்கூறு, உடலியக்கம், மருந்துப் பொருளியல், நோய் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகியவை அக்கால மிஷன் மருத்துவ வகுப்புகளின் வழக்கமான பாடங்கள்.

அந்தக் காலத்து மருத்துவருக்குக் கிடைத்த கருவிகள் மிகக் குறைவு. லென்னெக் 1816-இல் உருவாக்கிய இதயத்துடிப்பு மானி இருந்தது. இன்று நாம் அறிந்த சிறிய காய்ச்சல் மானியை இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் ஆல்பட் உருவாக்கியது 1860களின் பிற்பகுதியில்தான். எக்ஸ் கதிரை ரான்ட்கன் கண்டறிந்தது 1895-இல். இரத்தப் பரிசோதனைக் கூடம் என்ற ஒன்று கிராமத்து மருந்தகத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. எனவே பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என்ற நான்கே நோயறியும் வழிகள். சித்தர் எட்டு என்றதை ஐரோப்பியர் நான்கு என்றனர். இரண்டிலும் மாணவர் வரிசை தவறாமல் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

படித்து முடித்தவர்கள் நெய்யூரைச் சுற்றிய ஊர்களில் கிளை மருந்தகங்களில் அமர்த்தப்பட்டனர். அங்கே ஐயம் கேட்க ஆசிரியர் பக்கத்தில் இல்லை. மாட்டுவண்டியில் நெய்யூருக்கு ஆள் அனுப்பி விடை வருவதற்குள் வாந்திபேதி நோயாளியின் நிலை முடிந்துவிடும். இந்த மாணவர்களின் உண்மையான தேர்வு அத்தகைய மருந்தகத் திண்ணையில்தான் நடந்தது.

1868-இல் லோ குடும்பத்தின் உடல்நலம் காரணமாகத் தாயகம் திரும்ப நேர்ந்தது. அடுத்த மருத்துவர் தாம்சன் 1873-இல்தான் வந்தார். மீண்டும் ஓர் ஐந்தாண்டு இடைவெளி. ஆனால் இம்முறை மருத்துவமனை தளரவில்லை. லோவிடம் பயின்றவர்களே நெய்யூரிலும் கிளைகளிலும் நோயாளிகளைப் பார்த்து வந்தனர். நிர்வாகப் பொறுப்பு மருத்துவம் படிக்காத மிஷனரிகளிடம் இருந்தது. மருத்துவத்தின் பொறுப்பு இந்த இளைஞர்களிடம் இருந்தது. 1854-க்குப் பின் வந்த ஏழு ஆண்டுகளையும் 1868-க்குப் பின் வந்த ஐந்து ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சிறு வகுப்பு என்ன செய்ய முடியும் என்பது விளங்கும்.

தாம்சனும் இந்தப் பாடத்தை உணர்ந்து வகுப்பைத் தொடர்ந்தார். லோ பின்னாளில் எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கத்தின் பயிற்சி நிலையத்திற்குத் தலைமை ஏற்று, வெளிநாடு செல்லும் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார்.

மானிப்பாயின் தமிழ் நூல்கள்

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இன்னும் பெரிய முயற்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இலங்கை வந்தார். 1848 முதல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1864 முதல் தமிழுக்கு மாறினார். 1873-இல் தாயகம் திரும்பும்வரை அறுபதுக்கும் மேற்பட்ட மாணவரைப் பயிற்றுவித்தார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழில் பயின்றவர்கள்.

மொழியை மாற்றியதற்கு அவர் கண்ட காரணம் நடைமுறை சார்ந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுப் பணிக்கும் நகரங்களுக்கும் போய்விட்டனர். தமிழில் படித்தவர் ஊரிலேயே இருப்பார், நோயாளியிடம் அவர் மொழியிலேயே கேட்டு அறிவார் என்று கிறீன் கருதினார்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். கிறீன் தாமே மொழிபெயர்த்தும், தம் மாணவர்களைக் கொண்டு மொழிபெயர்த்துத் திருத்தியும், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் மருத்துவ நூல்களை வெளியிட்டார். 1857-இல் வந்த பிரசவ வைத்தியம் மான்செல் எழுதிய மகப்பேற்று நூலின் தமிழாக்கம். 1867-இல் வந்த இரண வைத்தியம் துரூவிட் எழுதிய அறுவை மருத்துவ நூல். 1872-இல் கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரிலும், ஹூப்பரின் நோய் மருத்துவ நூல் வைத்தியாகரம் என்ற பெயரிலும் வெளிவந்தன. கிரேயின் மூலநூல் இலண்டனில் முதலில் வெளியானது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது.

கலைச்சொல்லுக்குக் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுவது, இல்லையேல் வடமொழியில் தேடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுவது. உடற்கூறு அங்காதிபாதம் ஆயிற்று. உடலியக்க நூல் சுகரணவாதம் ஆயிற்று. வேதியியல் கெமிஸ்தம் ஆயிற்று. இவற்றில் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று நிறுத்தினால்தான் மாணவர் மனத்தில் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்காகவே கலைச்சொல் தொகுதிகளையும் தனியே அச்சிட்டார்.

யாழ்ப்பாணத்திற்கும் திருவிதாங்கூருக்கும் இடையே ஒரு நூலுறவும் உண்டு. எட்வர்ட் ஜான் வாரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1850களில் திருவிதாங்கூரில் பணியாற்றினார். உள்ளூர்க் கடைச்சரக்கு மருந்துகளை ஐரோப்பிய மருத்துவர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து 1860-இல் ஒரு சிறு நூல் எழுதினார். பின்பு இந்திய மருந்துப் பொருள்களின் பெருந்தொகுப்பை 1868-இல் அவர் பதிப்பித்தார். கிறீனின் இந்து பதார்த்த சாரம் அந்தத் தொகுப்பைத் தழுவியது. இந்த வட்டாரத்துக் கடைவீதிச் சுக்கும் கடுக்காயும் இவ்வாறு அச்சேறி யாழ்ப்பாண மாணவரின் பாடமாயின.

கைந்நூலின் அமைப்பு

துரூவிட், ஹூப்பர் ஆகிய இருவரின் நூல்களுக்கும் ஆங்கிலத்தில் இருந்த தலைப்பு இலத்தீன் மொழியில் 'என்னோடு வா' என்று பொருள்படும். மருத்துவர் எங்கு போனாலும் உடன் கொண்டுபோகும் கைந்நூல் என்பது கருத்து. பெரிய நூலில் விரிவாகப் படித்ததைச் சுருக்கி, தேவைப்படும் நேரத்தில் நினைவூட்டும் நூல் அது. இன்றைய மாணவர் தேர்வுக்கு முந்திய வாரங்களில் புரட்டும் சுருக்க நூல்களுக்கு இவை முன்னோடிகள்.

இத்தகைய கைந்நூல் ஒவ்வொரு நோயையும் ஒரே வரிசையில் சொல்லும். நோயின் பெயரும் வரையறையும், அறிகுறிகள், காரணம், ஒத்த நோய்களிலிருந்து பிரித்தறிதல், நோய் எப்படி முடியும் என்ற கணிப்பு, சிகிச்சை என்பது அந்த வரிசை. எந்த நோயைக் கேட்டாலும் மாணவரின் மனம் இதே படிகளில் ஏறும். ஒரு படி வெறுமையாக இருந்தால் தமக்குத் தெரியாதது எது என்று அவருக்கே தெரிந்துவிடும். எண்வகைத் தேர்வில் எண்ணிக்கை செய்த வேலையை இங்கே தலைப்புகள் செய்கின்றன.

இவற்றுள் பிரித்தறிதல் என்ற படிதான் தேர்விலும் நோயாளியிடத்திலும் அதிகம் பயன்படுவது. ஒரு நோயைத் தனியாக மனனம் செய்வதை விட, குழப்பம் தரும் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது நெடுநாள் நிற்கும். சில எடுத்துக்காட்டுகள்:

பெரியம்மையும் சின்னம்மையும். பெரியம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுதி. ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் கொப்புளங்கள் உடற்பகுதியில் மிகுதி. கூட்டம் கூட்டமாக எழுவதால் புதியதும் முற்றியதும் காய்ந்ததும் ஒரே இடத்தில் கலந்து காணப்படும்.

நாகமும் விரியனும். நாகப்பாம்பின் நஞ்சு நரம்பைத் தாக்குவதால் இமை சரிந்து, விழுங்க முடியாமல், மூச்சுத் தளரும். கண்ணாடிவிரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுப்பதால் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வரும். நோயாளியின் இரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் அசையாமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. கட்டுவிரியன் கடித்தால் கடிவாயில் வீக்கமே இல்லாமல், தூங்கி எழுந்தவர் வயிற்றுவலியோடும் இமை சரிவோடும் வரலாம்.

இரைப்பைப் புண்ணும் முன்சிறுகுடல் புண்ணும். முன்னதில் உண்டபின் வலி வருவதும், பின்னதில் பசி நேரத்திலும் நள்ளிரவிலும் வந்த வலி உணவால் தணிவதும் பாடநூல் கூறும் வேறுபாடு. நோயாளிகள் எல்லாரும் பாடநூல்படி நடப்பதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

நின்ற பாடமும் மாறிய பாடமும்

லோவின் மாணவர் படித்த பாடத்தை இன்றைய மாணவர் படித்தால் ஓர் உண்மை புலப்படும். அறிகுறிகளைப் பற்றிய பகுதி பெரும்பாலும் இன்றும் செல்லும். காரணத்தையும் சிகிச்சையையும் பற்றிய பகுதி பெரும்பாலும் செல்லாது.

வாந்திபேதியை எடுத்துக்கொள்வோம். கழுநீர் போன்ற பேதி, வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு, குழிந்த கண், ஒடுங்கிய குரல், சுருங்கிய விரல் நுனி, தளர்ந்த நாடி. 1860களில் நெய்யூர் மாணவர் கண்டதும் இன்றைய மாணவர் எழுதுவதும் இதுவே. ஆனால் அதன் காரணம் கெட்ட காற்று என்று அன்று பலர் நம்பினர். இலண்டனில் ஜான் ஸ்னோ 1854-இல், அதாவது லீச் மூழ்கிய அதே ஆண்டில், குடிநீரே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். அது உடனே ஏற்கப்படவில்லை. இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் கிருமியை உறுதி செய்தார். அபினும் பாதரச மருந்துகளும் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்ட காலம் போய், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கும் என்பது நிலைபெற்றது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் அந்தக் கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தி இறப்பைக் குறைத்தது இதில் முக்கியமான திருப்பம்.

நெய்யூரிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் 1922-லும் 1924-லும் ஏற முயன்ற குழுக்களில் இருந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், நெய்யூரைக் கண்டபின் அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கு இருந்தார். தென் திருவிதாங்கூரில் அன்று முன்சிறுகுடல் புண் மிக அதிகமாக இருந்தது. அதற்கான அறுவைச் சிகிச்சையில் அவர் பெயர் பெற்றார். அன்று புண்ணுக்கு உணவும் வாழ்க்கைமுறையும் காரணமாகக் கருதப்பட்டன, கத்தியே தீர்வாக இருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். அதன் பயனாக இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு மாத்திரைகளே போதும். அவ்விருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. சோமர்வெல்லிடம் வந்த நோயாளி கூறிய வலியின் தன்மை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரியம்மையோ நோயே இல்லாமல் போனது. உலகிலிருந்து அது ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சின்னம்மையோடும் பிற அம்மைகளோடும் ஒப்பிடுவதற்காக அதன் அடையாளங்கள் இன்னும் கற்பிக்கப்படுகின்றன.

இதிலிருந்து மாணவர் பெறும் பாடம் ஒன்று உண்டு. அறிகுறிகளை ஒருமுறை ஆழ்ந்து கற்றால் அது ஆயுள் முழுவதும் உதவும். சிகிச்சைப் பகுதியை எந்த ஆண்டுப் பதிப்பில் படித்தோம் என்ற குறிப்போடு நினைவில் வைக்க வேண்டும். மனனம் செய்தது என்பதற்காகவே அது உண்மையாகிவிடாது. பழைய அளவை உறுதியாக நினைவில் வைத்திருக்கும் மருத்துவர், மறந்துபோய் நூலைப் பார்ப்பவரை விட ஆபத்தானவர்.

வேலூரில் ஒரு தேர்வு

தேர்வு என்பது பலருக்கு வெறும் தடை. சிலருக்கு அது ஒரு நிறுவனத்தின் உயிர். 1918-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, பெண்கள் இந்தப் படிப்பில் தேறுவார்களா என்ற ஐயம் அதிகாரிகளிடையே இருந்தது. ஆண்கள் பயின்ற பள்ளிகளிலேயே பலர் முதலாண்டுத் தேர்வில் தவறினர். வேலூர்ப் பள்ளியில் கருவிகளும் நூல்களும் மிகச் சொற்பம். சில எலும்புகளையும் ஒரு நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு, இருக்கும் நூலைக் கைமாற்றி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் படித்தனர். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். அந்த முடிவு வந்தபின் பள்ளியின் தகுதியைப் பற்றிய பேச்சு அடங்கியது.

அந்தப் பள்ளியே வளர்ந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆனது. நெய்யூரிலிருந்து 1949-இல் விடைபெற்ற சோமர்வெல் அங்கேதான் அறுவை மருத்துவம் கற்பிக்கச் சென்றார். கிராமத்து மருத்துவமனையில் கால் நூற்றாண்டு கத்தி பிடித்த கை, பின்பு கரும்பலகையில் சுண்ணக்கட்டி பிடித்தது.

இன்றைய நிலை

திருவிதாங்கூரின் தென்பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமானது. நெய்யூர் மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இயங்குகிறது. சோமர்வெல்லின் பெயரால் கேரள எல்லையில் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001-இல் தொடங்கப்பட்டது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. எண்வகைத் தேர்வை மனனம் செய்பவரும் இதய ஒலிகளை மனனம் செய்பவரும் இன்று ஒரே மாவட்டத்தில் படிக்கின்றனர்.

பாடத்தின் அளவு பல மடங்கு பெருகிவிட்டது. தேர்வு முறையும் மாறிவிட்டது. முதுநிலை நுழைவுத் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். ஆனால் நோயாளி நான்கு விடைகளோடு வருவதில்லை. 'நெஞ்சு அடைக்கிறது', 'காலு மரத்துப் போச்சு' என்றுதான் வருகிறார். ஆகவே நோயின் பெயரிலிருந்து அறிகுறிக்குப் போகும் படிப்போடு, அறிகுறியிலிருந்து நோய்க்குப் போகும் படிப்பும் வேண்டும். லோவின் மாணவர் காலையில் நோயாளிகளுக்கு நடுவே படித்தது இந்த இரண்டாம் வகை.

நெய்யூர் வகுப்பின் நடைமுறையிலும் அக்காலக் கைந்நூல்களிலும் இருந்து மாணவர் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில:

1. நூலை மூடிவிட்டுக் கேட்டுக்கொள்வது. மீண்டும் மீண்டும் வாசிப்பது தெரிந்தது போன்ற மயக்கத்தைத் தரும். மூடியபின் சொல்ல முடிந்ததே தெரிந்தது.
2. எல்லா நோய்க்கும் ஒரே வரிசைத் தலைப்புகளை வைத்துக்கொள்வது.
3. குழப்பம் தரும் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது.
4. பட்டியல்களை எண்ணிக்கையோடு நினைவில் வைப்பது.
5. ஒருநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டு அதையே திரும்பக் கேட்டுப் பார்ப்பது.
6. படித்ததை அன்றே ஒரு நோயாளியிடம் கண்டு பொருத்துவது.
7. சிகிச்சையையும் மருந்தளவையும் புதிய பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவது.

முட்டத்துக் கடலில் 1854-இல் இழந்ததைப் போன்ற இழப்பை 1868-இல் தடுத்தவர்கள் அந்தச் சிறு வகுப்பின் மாணவர்கள். ஆசிரியர் கப்பலேறிய பின்னும் கிளை மருந்தகங்களின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவருக்குப் பாடம் நினைவில் இருந்தது.